வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு குழந்தையின் இதயம்: எது ஆறிவிடும், எதை விடாமல் கவனிக்க வேண்டும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு. ஏழு வயது மகனுக்குக் கொரோனா வந்து லேசாகப் போய்விட்டது. நான்கு வாரம் கழித்து விடாத காய்ச்சல், வயிற்றுவலி, கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு. மருத்துவமனையில் பார்த்தபோது இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 42 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது (55க்கு மேல் என்றால் இயல்பு), இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயான இடது கரோனரி தமனி சற்று விரிந்திருந்தது. மருந்து ஏற்றினார்கள், தேறினான், வீட்டுக்கு வந்துவிட்டான். "வைரஸ் இதயத்தையும் கெடுக்குமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, இது ஆயுளுக்கும் கூடவே வருமா, அவன் மறுபடி மற்ற பிள்ளைகளைப் போல ஓடி ஆடலாமா என்பதுதான் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். "அப்போது சாதாரணச் சளி என்று விட்டுவிட்டோம்" என்ற வரியில் அது இருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து இப்படி வரும் நோய்க்கு எம்.ஐ.எஸ்.-சி. என்று பெயர். உடம்பின் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி ஏற்படும் நிலை அது. இது வந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் அதற்கு முன்பு முழு ஆரோக்கியமாக இருந்தவர்கள். முதல் தொற்று பலருக்கு லேசாக இருந்தது, சிலருக்கு வந்ததே தெரியவில்லை. முதல் காய்ச்சலின்போது எந்த மருந்தைக் கொடுத்திருந்தால் இது வராமல் இருந்திருக்கும் என்று காட்டும் சான்று எதுவும் கிடையாது. தொற்றுக்குப் பிறகு எந்தக் குழந்தைக்கு இது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனையும் இல்லை. இரண்டாவது காய்ச்சல் விடவில்லை என்றதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். பெற்றோர் கையில் இருந்தது அது ஒன்றுதான், அதைச் செய்திருக்கிறீர்கள்.

குழந்தைகள் இதய மருத்துவம் என் துறை. உங்கள் மகனின் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) படங்களையோ இ.சி.ஜி.யையோ நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதெல்லாம் இந்த நோயைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்தவை. அவனை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் குழந்தையின் இதயத்தைப் பாதிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இணையத்தில் படிக்கும் பாதிச் செய்திகள் பயமுறுத்துகின்றன. ஒன்று, வைரஸ் நேராக இதயத் தசைக்குள் புகுவது. காக்ஸாக்கி பி முதலான என்டெரோ வைரஸ்கள், அடினோ வைரஸ் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. பார்வோ வைரஸ் பி19, ஃப்ளூ வைரஸ் ஆகியவற்றின் தொற்றோடும் இதயத் தசை அழற்சி வருவதுண்டு. காக்ஸாக்கியும் அடினோவும் தசை அணுவின் மேலுள்ள ஒரே ஏற்பியை, அதாவது நுழைவாயில் போன்ற புரதத்தை, பிடித்துத்தான் உள்ளே நுழைகின்றன. உள்ளே போன காக்ஸாக்கி வைரஸின் நொதி, தசை அணுவுக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தையே வெட்டிவிடும் என்பது ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்ட விஷயம். பிறகு வைரஸை விரட்ட வரும் எதிர்ப்பு அணுக்களாலும் தசைக்குச் சேதம் கூடுகிறது. காய்ச்சல் வந்த சில நாட்களிலேயே, சில சமயம் காய்ச்சல் இருக்கும்போதே, இது தலைகாட்டும்.

உங்கள் மகனுக்கு வந்தது இரண்டாவது வகை. அதில் வைரஸ் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். மூக்கில் எடுக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் பல குழந்தைகளுக்கு அது தெரியாது, ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் இருக்கும். கிளம்பிய எதிர்ப்புச் சக்தி அடங்காமல் ரத்தக் குழாய்கள், குடல், தோல், இதயம் என்று எல்லா இடத்திலும் அழற்சியை மூட்டிவிடுகிறது. இதயத் தசை முழுவதும் செத்துப்போவதால் பம்ப் குறைவதில்லை. அழற்சிப் பொருள்கள் தசையை மந்தப்படுத்துவதும், தசையில் நீர் கோப்பதும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அதனால்தான் அழற்சியை அடக்கியதும் அது வேகமாக மீள்கிறது. ஐ.சி.யு.வில் முதல் நாள் 35 சதவீதத்தில் இருந்த இதயம் ஒரு வாரத்தில் 55க்கு மேல் வந்து நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். வேறு பல காரணங்களால் பலவீனப்பட்ட இதயத்தில் இந்த வேகத்தை அவ்வளவாகப் பார்க்க முடியாது.

இந்த நோயை மருத்துவ உலகம் அறிந்ததே 2020 ஏப்ரல் இறுதியில்தான். பிரிட்டனில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு எச்சரிக்கை போனது. அடுத்த மாதமே லண்டனில் சிகிச்சை பெற்ற 8 குழந்தைகளைப் பற்றிய குறிப்பு லான்செட் இதழில் வந்தது. பார்த்த எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது கவாசாகி நோய். டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961இல் முதல் நோயாளியைப் பார்த்து, 1967இல் 50 குழந்தைகளைத் தொகுத்து எழுதிய நோய் அது. கண் சிவப்பு, உதடு வெடிப்பு, தடிப்பு, விடாத காய்ச்சல் எல்லாம் அதிலும் உண்டு. கரோனரி தமனி விரிவதும் உண்டு. அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். எம்.ஐ.எஸ்.-சி. அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு, எட்டு ஒன்பது வயதைச் சுற்றி, அதிகம் வந்தது. வயிற்றுத் தொந்தரவும் பம்ப் குறைவும் இதில் கூடுதல். கவாசாகி நோய்க்கும் ஏதோ ஒரு தொற்று தூண்டுதலாக இருக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அது எந்தக் கிருமி என்பது இத்தனை ஆண்டுகளாகியும் உறுதியாகவில்லை.

இந்தப் பழைய நோயை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகனின் அறிக்கையில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. தசை பலவீனமானது ஒன்று, தமனி விரிந்தது இன்னொன்று. இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அவை ஆறும் விதம் வேறு, கண்காணிக்கும் விதமும் வேறு. பிள்ளை சுறுசுறுப்பாக இருப்பது முதல் கணக்கைப் பற்றி உங்களுக்கு ஓரளவு சொல்லும். இரண்டாவதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. விரிந்த தமனியோடு ஒரு குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கும் போய்வரும். எக்கோ எடுத்தால்தான் தெரியும். நன்றாக இருக்கிறானே, எதற்கு இன்னொரு எக்கோ என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தசைக் கணக்கில் நல்ல செய்திதான் அதிகம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் எம்.ஐ.எஸ்.-சி. குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பம்ப் குறைந்திருந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு 30 நாளுக்குள் இயல்புக்குத் திரும்பியிருந்தது. 90 நாளில் அநேகமாக எல்லோருக்கும் திரும்பிவிட்டது. 42 சதவீதம் என்பது கவலைப்பட வேண்டிய எண்தான், ஆனால் ஆழமான சரிவு அல்ல. மீளும் வாய்ப்பு உங்கள் மகனுக்கு மிக அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

தமனிக் கணக்கில் ஒரு எண்ணை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் இசட் ஸ்கோர். குழந்தையின் உயரம், எடைக்கு இந்தத் தமனி எவ்வளவு அகலம் இருக்க வேண்டுமோ, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. 2க்குக் கீழே என்றால் இயல்பு. 2 முதல் 2.5 வரை என்றால் வெறும் விரிவு. 2.5க்கு மேல் போனால் சிறு புடைப்பு, அதாவது அன்யூரிசம். 5 முதல் 10 வரை நடுத்தரம். 10ஐத் தொட்டாலோ, நேரடி அளவு 8 மில்லிமீட்டரை எட்டினாலோ ராட்சதப் புடைப்பு. சைக்கிள் டியூபில் ரப்பர் வலுவிழந்த இடம் மட்டும் உப்புவதைப் போல, அழற்சியில் சுவர் பலவீனமான இடத்தில் தமனி புடைக்கிறது. அங்கே ரத்தம் தேங்கி உறையலாம் என்பதுதான் அச்சம், வெடிப்பது மிக மிக அரிது. "சற்று விரிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் வெறும் விரிவு அல்லது சிறு புடைப்பு என்ற படிகளுக்குள்தான் இருக்கும், ஆனாலும் எண்ணைக் கேளுங்கள். மேலே சொன்ன அதே ஆய்வில் தமனிப் புடைப்புகளில் ஐந்தில் நான்கு 30 நாளுக்குள் சுருங்கிவிட்டன, 90 நாளில் எஞ்சியவையும் சுருங்கின. கவாசாகி நோயில் வரும் பெரிய புடைப்புகள் இவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்வதில்லை. சிகிச்சை பெறாத கவாசாகி குழந்தைகளில் நான்கில் ஒருவருக்குத் தமனி பாதிக்கப்படும், உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் அது இருபதில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடும்.

அவனுக்கு ஏற்றியது ஐ.வி.ஐ.ஜி. என்று எழுதியிருந்தீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி அது. எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் கொடுப்பார்கள். கூடவே ஸ்டீராய்டும் கொடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டில் எது முக்கியம், ஒன்று மட்டும் போதுமா என்ற கேள்வி இன்னும் முழுசாகத் தீரவில்லை. 2021இல் ஒரே சமயத்தில் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இதயம் சீக்கிரம் தேறுகிறது என்றது. மற்றது பெரிய வித்தியாசம் இல்லை என்றது. இதய பாதிப்பு உள்ள குழந்தைக்கு இரண்டையும் சேர்த்தே கொடுப்பது இப்போது பரவலான வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன். உங்கள் மருத்துவர் செய்தது சரியான முடிவுதான்.

ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் இது வருகிறது என்பதில் 2024இல் ஒரு நல்ல துப்பு கிடைத்தது. வைரஸின் ஒரு புரதத் துண்டு, நம் உடம்பில் உள்ள எஸ்.என்.எக்ஸ்.8 என்ற புரதத்தின் ஒரு துண்டைப் போலவே இருக்கிறது. வைரஸை அடையாளம் கண்டு தாக்கக் கற்ற எதிர்ப்பு அணு, உருவ ஒற்றுமையால் சொந்தப் புரதத்தையும் தாக்குகிறது. எம்.ஐ.எஸ்.-சி. குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இதற்கான ஆன்டிபாடி இருந்தது. மீதி இரண்டு பங்கினருக்கு என்ன நடந்தது என்பதற்கு இது பதில் சொல்லவில்லை. பரம்பரைக் கூறு ஒன்றும் இருக்கலாம் என்கிறார்கள், ஆனால் அதை வைத்து வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளைச் சோதிக்கும் நிலைக்கு யாரும் வரவில்லை. அப்படி ஒரு பரிசோதனையை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி விளையாட்டு. பெற்றோரும் பிள்ளையும் என்னிடம் அதிகம் சண்டை போடும் இடம் இதுதான், பிள்ளை பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றும், ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதயத் தசையில் அழற்சி இருந்த குழந்தை, போட்டி விளையாட்டு, வேக ஓட்டம், நீச்சல் பயிற்சி ஆகியவற்றிலிருந்து மூன்று முதல் ஆறு மாதம் விலகியிருக்க வேண்டும். வெளியே தெரியாமல் தசைக்குள் எஞ்சியிருக்கும் அழற்சி, உடல் கடுமையாக உழைக்கும்போது ஆபத்தான தாளக் கோளாறைக் கிளப்பலாம். திடீர் மரணமடைந்த இளம் விளையாட்டு வீரர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது இதயத் தசை அழற்சி ஒரு காரணமாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. நடப்பது, வீட்டுக்குள் ஆடுவது, பள்ளிக்குப் போவது எல்லாம் சரிதான். படுக்கையில் போட்டு வைக்கத் தேவையில்லை, அது பிள்ளையை வேறு விதத்தில் வாட்டும். காலக்கெடு முடிந்ததும் தானாக மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். எக்கோ, இ.சி.ஜி., ஒரு நாள் முழுவதும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், அவன் வயதுக்குச் செய்ய முடிந்தால் ட்ரெட்மில் சோதனை ஆகியவற்றைப் பார்த்த பிறகு மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. பம்ப் மீள்வதில் தாமதம் இருந்தாலோ, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் மிக அதிகமாக இருந்திருந்தாலோ, தாளக் கோளாறு இருந்தாலோ தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

நீண்ட காலக் கேள்வியில் என் நம்பிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. 2020இல்தான் தெரியவந்த நோய் என்பதால், இது வந்த குழந்தை முப்பது வயதில் எப்படி இருக்கும் என்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. முதல் சில ஆண்டுகளின் தகவல் தெம்பு தருகிறது. பெரும்பாலான குழந்தைகள் இயல்பான இதயத்தோடு இருக்கிறார்கள். நுணுக்கமான எக்கோ அளவுகளில் சிலருக்குச் சிறு குறைவு பல மாதம் தங்கியது உண்மை. அது பிற்காலத்தில் எதையாவது குறிக்குமா, வெறும் அளவு வித்தியாசமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்வேன், ஆனால் அது என் ஊகம்.

வைரஸ் நேராகத் தாக்கும் முதல் வகையில் கதை இவ்வளவு சீரானது அல்ல. உங்களுக்கு இன்னொரு சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அரிது, ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஓரிருவருக்கு வரும். பலர் முழுமையாகத் தேறுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு இதயம் பெரிதாகிப் பலவீனமாகவே தங்கிவிடுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் வரும் என்டெரோ வைரஸ் தொற்று மிகக் கடுமையானது. இங்கே ஐ.வி.ஐ.ஜி.யும் ஸ்டீராய்டும் எம்.ஐ.எஸ்.-சி.யில் வேலை செய்வதுபோலச் செய்கின்றனவா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதயத்துக்கு ஓய்வு கொடுத்து, தேவைப்பட்டால் இதயம், நுரையீரல் வேலையை உடம்புக்கு வெளியே இருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தில் போட்டு, அது தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆரம்பத்தில் இது வயிற்று நோயைப் போலவோ சளியைப் போலவோ தெரியும். பம்ப் குறைந்ததும் கல்லீரலில் ரத்தம் தேங்கி வீங்கும், அதனால் வயிற்றுவலி, வாந்தி. நுரையீரலில் நீர் கோக்கும், அதனால் வேக மூச்சு.

எல்லாக் காய்ச்சலுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் சிலவற்றைப் பார்த்தால் காத்திருக்கவும் வேண்டாம். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் பத்துத் துடிப்பு கூடும், அது இயல்பு. காய்ச்சல் இறங்கி, குழந்தை அமைதியாகத் தூங்கும்போதும் நாடி குதித்துக்கொண்டே இருந்தால் அது இயல்பு அல்ல. இருமலோ சளியோ இல்லாமல் மூச்சு மட்டும் வேகமாக இருந்தாலும் அப்படித்தான். தூங்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே காட்ட வேண்டும். கைக்குழந்தை பாதிப் பாலில் களைத்து விட்டுவிடுவது, பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, வெளிறிப்போய் கைகால் சில்லிடுவது, பெரிய பிள்ளை நெஞ்சுவலி என்பது, மயங்கி விழுவது ஆகிய எதுவும் விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடியது அல்ல. மருத்துவரிடம் "நாலு வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்தது, அண்ணனுக்கு எம்.ஐ.எஸ்.-சி. வந்திருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டால் இதயத்தையும் பார்க்கத் தோன்றும்.

ஓமிக்ரானுக்குப் பிறகு எம்.ஐ.எஸ்.-சி. வெகுவாகக் குறைந்துவிட்டது, ஒரு குழந்தைக்கே மறுபடி வருவதும் அபூர்வம். ஆகவே தம்பிக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் நீங்கள் நாட்காட்டியில் வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் மூன்று விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது. வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஓர் எக்கோ, நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று என்பது குறைந்தபட்சம். தமனி இன்னும் விரிந்திருந்தால் இடைவெளியைக் குறைப்பார்கள். சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள், ரத்தம் உறையாமல் இருக்க. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம் அதைச் சாப்பிடும் காலத்தில் ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால், அல்லது வந்தவர்களோடு பழகினால், அன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் அந்த வைரஸ்களும் சேர்ந்தால் ரை நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய ஆபத்து உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஐபுப்ரோஃபென் வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும். மூன்றாவது, தடுப்பூசி. ஐ.வி.ஐ.ஜி.யில் உள்ள ஆன்டிபாடிகள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா), சின்னம்மை போன்ற உயிர்ப்புத் தடுப்பூசிகளை வேலை செய்ய விடாது. அவனுக்கு அவற்றில் ஏதேனும் பாக்கி இருந்தால் 11 மாதம் கழித்துப் போட வேண்டும். மற்றத் தடுப்பூசிகளை, ஃப்ளூ ஊசி உட்பட, இதற்காகத் தள்ளிவைக்கத் தேவையில்லை. அடுத்த முறை போகும்போது ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இசட் ஸ்கோர் எண்ணையும் கேட்டு இங்கே எழுதினால், அதை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.